பேரவைக்குள் ஒரு கால்

கடற்கரைப் பக்கத்து ஊரான கஸர் ஹலாலில் ஜீன்ஸ் சலவை ஆலை நடத்தும் வஸீலா, உலகத்துச் சப்ளையர்கள் அத்தனை பேருக்கும் ஒரே பிரதிநிதி ஆனது, ஒரு படிவத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்துத் தொலைத்த குற்றத்துக்காக.

பொறுப்பான ஆடைகளுக்கான உலகப் பேரவை ஆண்டுதோறும் அனுப்பும் படிவம் அது. நானூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். ஆலையில் கதவுகள் எத்தனை, அவை எந்தப் பக்கம் திறக்கும், தொழிலாளிகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா, இருந்தால் அதற்கு ஆவணம் உண்டா என்றெல்லாம் கேட்டிருக்கும். போன வருடப் பதில்களையே எடுத்து ஒட்டி அனுப்பிவிடுவது ஊர் வழக்கம். கடைசிக் கேள்வியை மட்டும் விருப்பம் இருந்தால் நிரப்பலாம்: "எங்களிடம் சொல்ல விரும்புவது ஏதேனும் உண்டா?" அந்தக் கடற்கரைப் பக்கத்து ஆலைகள் எல்லாம் "இல்லை, நன்றி" என்று எழுதின. வஸீலாவும் அப்படித்தான் எழுதியிருப்பாள். ஆனால் அன்று காலையில்தான் ஆர்டர் கொடுக்கும் ஒரு பெரிய பையர் ஆறாயிரம் ஜீன்ஸின் நிறத்தை நான்காவது முறையாக மாற்றியிருந்தார். முதலில் 'மழைமேகம்' கேட்டார்கள். பிறகு 'மழைக்குப் பிந்தைய மேகம்'. அப்புறம் 'மேகத்தின் நினைவு'. நான்காவதாக வந்த மின்னஞ்சல் மறுபடியும் மழைமேகத்துக்கே திரும்பியிருந்தது. ஆனால் இந்த முறை மேகம் "இன்னும் கொஞ்சம் நேர்மையாக" இருக்க வேண்டுமாம்.

சலவைப் பிரிவின் மேஸ்திரி கமாயிஸ், ஈர ஜீன்ஸ் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் மேசை முன்னால் வந்து நின்றான். வெளியாட்கள் இருந்தால் அவளை 'மதாம்' என்பான், இல்லாவிட்டால் 'அக்கா'.

"அக்கா, நேர்மையான மேகத்துக்கு எந்தக் கெமிக்கல் போடுறது?"

"அது அவங்களுக்கே தெரியாது. இன்னொரு தடவை அலசு."

"இதோட நாலு தடவை. கெணத்துல மோட்டார் தண்ணிய விட்டுட்டுக் காத்தைக் குடிக்குது. நம்ம வேலைய முடிக்கிறதுக்குள்ள அந்தக் கெணறு முடிஞ்சிரும்போல."

அவன் போனபின், வஸீலா அந்தக் கடைசிக் கட்டத்தில் எழுதினாள்: "நிறத்தை நான்கு முறை மாற்றினால் தண்ணீர் நான்கு முறை செலவாகும். மாற்றாதீர்கள்."

மூன்று வாரம் கழித்துப் பேரவையின் பங்கேற்புத் துறை இயக்குநர் மார்லீஸ் என்பவர் வீடியோவில் அழைத்தார். இளம்பெண். பின்னால் சுவர் நிறையச் செடிகள் தொங்கின.

"மதாம் வஸீலா, உங்க பதிலைப் படிச்சிட்டு எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் அழுதுட்டாங்க."

"தண்ணி அவ்வளவு வீணாகுதேன்னா?"

"இல்ல இல்ல. ஒரு சப்ளையர் எங்ககிட்ட பேசிட்டாங்களேன்னு. பதினோரு வருஷமா அந்தக் கேள்விய கேட்டுட்டிருக்கோம். நீங்கதான் முதல் ஆள். அதனால பேரவையோட 'வழங்குநர் குரல்', அதாவது சப்ளையர்களோட பிரதிநிதி, நீங்கதான்."

"யாரு ஓட்டுப் போட்டாங்க?"

"போட்டியே இல்லையே, மதாம்!" என்று மார்லீஸ் மனம் நிறைந்து சிரித்தார்.

பொதுச்சபை ஹம்மாமெத்தில் கூடப்போகிறது என்றார். வழக்கமாக வடக்கே பனி ஊர்களில்தான் கூடுமாம். இந்த வருடத்து முழக்கம் 'வழங்குநர்களை நோக்கி' என்பதால், வழங்குநர்கள் இருக்கும் நாட்டின் கடற்கரையில், ஐந்து நட்சத்திர ஓட்டலில் வைத்திருந்தார்கள். அங்கே 'நீல நூல்' என்ற புதிய விதியை நிறைவேற்றப் போகிறார்கள். அடுத்த ஜூனுக்குள் சலவை ஆலைகள் தண்ணீரைப் பாதியாகக் குறைக்க வேண்டும். குறைக்காத ஆலையின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். பட்டியலில் பெயர் இல்லாத ஆலைக்கு எந்தப் பையரும் ஒரு பொத்தான்கூட அனுப்ப மாட்டார்.

வஸீலா மனசுக்குள் தலைகளை எண்ணினாள். அவள் ஆலையில் நூற்றுப் பதினாறு பேர். அதில் தொண்ணூறு பேர் பெண்கள். பாதிப் பேர் வீட்டில் வேறு வருமானம் கிடையாது.

"பாதியாக்கலாம்மா. நிறத்தை மாத்தாம இருந்தா நாளைக்கே பாதியாகும். ஆனா பையர் எத்தனை தடவை வேணா மாத்தலாம், நான் மட்டும் பாதி தண்ணியில அலசணும்னா எப்படி?"

"அருமை! இதைத்தான் நீங்க சபையில வந்து சொல்லணும். ரெண்டு நிமிஷம் உங்களுக்கு. குரலை மட்டும் முன்கூட்டியே அனுப்பிடுங்க, சீராக்கித் தர்றோம்."

"குரலையா?"

"வாசகத்தை."

அவள் வாசகத்தை அனுப்பினாள். ஒன்பது நாளில் அது சீராகித் திரும்பி வந்தது. கமாயிஸ் அதைச் சத்தமாக வாசித்தான்: "நிறத்தின் பல கட்டப் பயணத்தை வழங்குநர்கள் அன்புடன் வரவேற்கிறார்கள். தண்ணீருடனான தங்கள் உறவை மேலும் ஆழப்படுத்த ஆவலாக உள்ளார்கள்."

வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். "அக்கா, இதுல தண்ணிங்கிற ஒரு வார்த்தைதான் உங்களோடது."

"அதுவாவது மிச்சம் இருக்கே."

குறிப்பிட்ட நாளில் காலை லுவாஜ் என்ற ஷேர் வண்டியில் ஏழு பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு ஹம்மாமெத் போய் இறங்கினாள். தூதரகத்துக்குப் போகும்போது போடும் கரும்பச்சைக் கோட்டு. கைப்பையில் சீராக்கப்பட்ட குரல். வரவேற்பு மேசையில் கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை கொடுத்தார்கள். பையர்களுக்குப் பொன்னிற அட்டை. நிபுணர்களுக்குப் பச்சை. வழங்குநருக்கு ஒளி ஊடுருவும் அட்டை, வெளிப்படைத்தன்மையின் சின்னமாம். அதன்மேல் பெயரையும் நிறமில்லாத எழுத்தில்தான் அச்சடித்திருந்தார்கள்.

மண்டபக் கதவருகே மீசைக்காரக் காவலர் தடுத்தார்.

"அட்டை எங்கம்மா?"

"இதோ தொங்குது."

"இதுல ஒண்ணுமே இல்லையே."

"வெளிப்படைத்தன்மைன்னு சொன்னாங்க."

காவலர் அட்டையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். அதன் வழியே அவருக்குக் கடல்தான் தெரிந்தது. "கோவிச்சுக்காதீங்க. கலர் அட்டை இருந்தாத்தான் உள்ள விடணும்னு உத்தரவு. எந்த ஊரு நீங்க?"

"கஸர் ஹலால்."

"அட! என் தங்கச்சியக் கட்டிக் குடுத்த ஊரு. தையல் வேலைதான் பார்க்குறா. இப்படி வாங்க, சமையக்கட்டு வழியா விடுறேன்."

ஆக, உலகத்துச் சப்ளையர்களின் பிரதிநிதி, பொரிந்துகொண்டிருந்த மீனையும் கொதித்துக்கொண்டிருந்த கூஸ்கூஸ் பானைகளையும் கடந்து பேரவைக்குள் நுழைந்தாள். கோட்டில் சீரக வாசனை ஏறியது.

உள்ளே நுழைந்ததும் ஒரு புகைப்படக்காரர் அவளைப் பிடித்துக்கொண்டார். "வழங்குநர் நீங்கதானே? உங்க கையைக் காட்டுங்க."

காட்டினாள். அவர் முகம் வாடியது. நகம் வெட்டி, க்ரீம் தடவிய, ஐம்பத்திரண்டு வயது முதலாளியம்மாவின் கை.

"நீலமா இருக்கும்னு நினைச்சேன்."

"கையுறை போடாம யாரையும் சாயத்துல கைவிட நான் விடுறதில்லையே. அதுவும் உங்க கேள்வித்தாள்ல நூத்தி எழுபதாவது கேள்வி."

"அது சரி. படத்துக்கு மட்டும் கொஞ்சமா நீலம் பூசிக்கலாமா? தண்ணியில கழுவினா போயிடும்."

"தண்ணியப் பத்திதானே கூட்டம்?" என்று வஸீலா கேட்டாள். அவர் வேறு கைகளைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

அந்த உரையாடலைக் கேட்டுப் பின்னால் ஒருவர் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். துருக்கியில் தெனிஸ்லியில் துண்டு நெய்பவர். நெவ்ஸாத் என்று பெயர். சீட்டுக் குலுக்கியதில் போன இரண்டு வருடம் அவர்தான் வழங்குநர் குரலாம். இப்போது 'முன்னாள் குரல்'. வாக்கு கிடையாது, சாப்பாடு உண்டு. கக்கத்தில் தடித்த புத்தகம் ஒன்று. அவர்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது பாதி பிரெஞ்சும் முழு எரிச்சலும்தான்; பேச அது போதுமானதாக இருந்தது. துருக்கி மரியாதைப்படி அவர் அவளை 'ஹனிம்' என்றார், அவள் அவரை 'பே' என்றாள்.

"அது என்ன புஸ்தகம், நெவ்ஸாத் பே?"

"பேரவையோட விதிகள். இருநூத்தி ஆறு பக்கம். இதை முழுசாப் படிச்சவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான், ஹனிம். ரெண்டு வருஷம் இங்க உக்காந்திருந்தேன். யாரும் ஒண்ணும் கேக்கல. வேற என்ன பண்றது?"

நடுவில் பெரிய வட்டமேசை. யாரும் உயர்ந்தவரல்ல, தாழ்ந்தவரல்ல என்பதற்காக வட்டம். பத்தொன்பது நாற்காலிகள்: பையர்களுக்குப் பதினொன்று, நிபுணர்களுக்கு ஏழு, மிச்சம் ஒன்று. அந்த ஒன்றின் முன்னால் 'வழங்குநர்களும் இயற்கையும்' என்று பலகை இருந்தது. நாற்காலியில் ஏற்கெனவே தொட்டியோடு ஒரு ஒலிவக்கன்று உட்கார்ந்திருந்தது.

வஸீலா மார்லீஸைத் தேடிப் பிடித்துக் கேட்டாள்.

"அது இயற்கை," என்றார் மார்லீஸ். "போன வருஷம்தான் இயற்கைக்கும் இடம் குடுக்கணும்னு தீர்மானம் போட்டோம். ஆனா பாருங்க, மேசை பத்தொன்பது நாற்காலிக்குத்தான் செஞ்சது. அதனால ஒரு ஓட்டை ரெண்டாப் பிரிச்சோம். உங்களுக்குப் பாதி, இயற்கைக்குப் பாதி."

"இயற்கையோட ஓட்டை யாரு போடுவாங்க?"

"தலைவர்தான். இயற்கை பேசாது இல்லையா?"

வஸீலா தொட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோட்டில் மண் ஒட்டியது. தொட்டி காய்ந்து கிடந்தது. யாரும் தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை. தன் குவளைத் தண்ணீரை அதில் ஊற்றினாள். பக்கத்திலிருந்த பொன்னிற அட்டைக்காரர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

தலைவர் ஹால்பெர் எழுந்தார். வெள்ளைத் தாடி, சாக்குத் துணியில் தைத்ததுபோலத் தோன்றும், அவள் ஆலையின் ஒரு மாத டீசல் விலையுள்ள மேலங்கி. கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"நண்பர்களே, பத்து வருஷத்துக்கு முன்னாடி இந்த மேசையில சப்ளையர் ஒருத்தர்கூடக் கிடையாது. இன்னைக்கு ஒருத்தர் இருக்காங்க. பூஜ்யத்துலேர்ந்து ஒண்ணு! இது எத்தனை சதவீத வளர்ச்சின்னு எங்க கணக்கு நிபுணரைக் கேட்டேன். கணக்கிடவே முடியாதுன்னுட்டார்." கைதட்டல். "முன்னெல்லாம் சப்ளையர்களைப் பத்தி அவங்க இல்லாதப்ப முடிவெடுத்தோம். அது தப்பு. இப்ப அவங்க முன்னாடியே எடுக்கிறோம்." இன்னும் பலத்த கைதட்டல். "என்ன செய்யலாம்னு அவங்களை ஏன் கேக்கலைன்னு சிலர் குறை சொல்றாங்க. அவங்களுக்கு ஏற்கெனவே எவ்வளவு வேலை! அதுக்கு மேல யோசிக்கிற பாரத்தையும் அவங்க தலையில ஏத்தறது நியாயமா? நாங்க அவ்வளவு கல்நெஞ்சுக்காரங்க இல்ல."

பிறகு வழங்குநர் குரலின் முறை. இரண்டு நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. தலைவர் அவளை அறிமுகப்படுத்தினார். அவளுடைய ஊரின் சூரியனைப் பற்றி, கடலைப் பற்றி, அவள் இதுவரை சந்தித்திராத பாட்டன்மார்களின் சாயப் பாரம்பரியத்தைப் பற்றிச் சொன்னார். உண்மையில் அவள் தகப்பனார் பேருந்து நடத்துநர். அறிமுகம் முடிந்தபோது கடிகாரத்தில் ஒன்பது வினாடி மிச்சமிருந்தது.

சீராக்கப்பட்ட குரலை எடுக்கப் பையைத் திறந்தால் நேரம் போய்விடும். வஸீலா ஒலிவாங்கியைப் பிடித்து இழுத்தாள். "நிறத்தை மாத்திக்கிட்டே இருக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் கெணறுதான் கீழ போகுது."

மணி அடித்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு நிபுணர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேலே பெரிய திரையில் கூட்டக் குறிப்பு உடனுக்குடன் ஓடிக்கொண்டிருந்தது: "வழங்குநர் பிரதிநிதி வண்ணமயமான கருத்துகளைப் பகிர்ந்துகொண்டார்."

நெவ்ஸாத் சுவரோரத்திலிருந்து அவளைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையசைத்தார்.

அடுத்து, 'நீல நூல்' விதிமீது வாக்கெடுப்பு. வாக்கெடுப்புக்கு முன் சட்ட ஆலோசகர் எழுந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி.

"விதி எண் முப்பத்தொண்ணு. முடிவால நேரடியாப் பாதிக்கப்படுறவர் வாக்கெடுப்புல இருக்கக் கூடாது. சுயநலம் குறுக்க வந்துடும். இந்த விதியால பாதிக்கப்படுறது சலவை ஆலைங்க. பையர்களுக்கு இதனால ஒரு பாதிப்பும் இல்ல, அவங்க நடுநிலைமையானவங்க. அதனால மதாம் தயவுசெஞ்சு வெளிய போகணும்."

வஸீலா மடியிலிருந்த ஒலிவக்கன்றைக் காட்டினாள். "இதுவும் பாதிக்கப்படுமே. இதுவும் வெளிய வரணுமா?"

சட்ட ஆலோசகர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "இயற்கைக்குச் சுயநலம் கிடையாது. அது இருக்கட்டும்."

அவள் கன்றை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் சுவரோரம் போய் நின்றாள். ஆலையின் பெண்கள் கண்முன் வந்தார்கள். பதினெட்டு வருடமாக வேலை பார்க்கும் மொன்ஜியாவிடம் நாளைக்கு என்னவென்று சொல்வது? 'உங்க வேலை போகுது, ஆனா எழுந்து நின்னு கைதட்டினாங்க' என்றா?

நெவ்ஸாத் பின்னாலேயே வந்தார். "என்னையும் ரெண்டு தடவை இப்படித்தான் அனுப்பினாங்க. நான் போய் மீன் சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு."

"எனக்கு மீன் வேண்டாம், நெவ்ஸாத் பே. அந்தப் புஸ்தகத்துல ஒண்ணுமே கிடையாதா?"

 நெவ்ஸாத் புத்தகத்தில் ஓரம் மடித்து வைத்திருந்த ஒரு பக்கத்தைத் திறந்தார். "விதி நூத்தி நாலு. இவங்க எல்லாப் பத்திரத்துலயும் அடிக்கிறாங்களே, 'நியாயமான பங்கேற்பு' முத்திரை, அது செல்லணும்னா ஓட்டு எடுக்கிறப்ப ஒரு சப்ளையர் அறைக்குள்ள இருக்கணும். இல்லாட்டி முடிவு செல்லாது."

"முப்பத்தொண்ணு வெளிய போங்குது. நூத்தி நாலு உள்ள இருங்குது."

"ரெண்டையும் எழுதினவர் ஒருத்தரேதான்."

"நீங்க ஏன் ரெண்டு வருஷமா இதைச் சொல்லல?"

"யாரும் கேக்கலையே, ஹனிம்," என்றார் நெவ்ஸாத், கொஞ்சம் வெட்கத்தோடு.

அவர் வாய் மூடுவதற்குள் மண்டபக் கதவு திறந்தது. மார்லீஸ் மூச்சிரைக்க வந்தார். உள்ளேயும் யாரோ விதி நூற்று நான்கை நினைவுபடுத்தியிருக்கிறார்கள்.

"மதாம், நல்ல சேதி! சட்ட ஆலோசகர் வழி கண்டுபிடிச்சிட்டார். நீங்க நிலைவாசல்ல நிக்கணும். ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. அப்ப நீங்க இருந்தமாதிரியும் ஆச்சு, இல்லாதமாதிரியும் ஆச்சு."

"எந்தக் கால் உள்ள?"

மார்லீஸ் திரும்பிப் பார்த்தார். உள்ளே சிறிது நேரம் விவாதம் நடந்தது. "எந்தக் கால்னாலும் பரவாயில்லையாம்."

வஸீலா போய் நிலைவாசலில் நின்றாள். வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். பதினெட்டு முகங்களும் ஒரு கன்றும் அவளை நோக்கியிருந்தன. எல்லோர் கண்ணும் அவள் காலில்தான். அதன்மேல் நின்ற ஆளை யாரும் பார்க்கவில்லை. தேய்ந்த, கறுப்பு, குட்டைக் குதிகால் செருப்பு. இந்தச் செருப்பு உள்ளே இருக்கும்வரைதான் இவர்களால் கையைத் தூக்க முடியும் என்று அவளுக்கு அப்போது உறைத்தது.

"நீல நூல் விதியை ஆதரிக்கிறவங்க..." என்று தலைவர் தொடங்கினார்.

வஸீலா காலை வெளியே எடுத்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க!" என்று சட்ட ஆலோசகர் கத்தினார். தூக்கிய கைகள் அந்தரத்தில் நின்றன.

"மதாம், உங்க கால்," என்றார் தலைவர்.

"வலிக்குது."

"உக்கார நாற்காலி போடச் சொல்லட்டுமா?"

"பாதி நாற்காலி உள்ள இருக்கணும், பாதி வெளிய இருக்கணும். அதுக்கு இன்னொரு விதி எழுதணுமே."

தலைவர் முதல்முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டு பேசினார். "மதாம், நிலைமையப் புரிஞ்சுக்குங்க. சப்ளையர்களோட முழுப் பங்கேற்போட விதி ஏகமனதா நிறைவேறிடுச்சுன்னு காலையில பத்து மணிக்கே பத்திரிகைங்களுக்கு அனுப்பியாச்சு. நாலு மணிக்கு ஒட்டகச் சவாரி வேற இருக்கு. பங்கேற்கமாட்டேன்னு நீங்க சொன்னா, அது பங்கேற்புக்கே செய்யுற துரோகம்."

"பங்கேற்கிறேன். காலை உள்ள வைக்கிறேன். ஒரு வரி சேத்துக்குங்க."

"என்ன வரி?"

அவள் ஒன்பது வினாடிக்குள் சொல்ல முடியாததை இப்போது நிதானமாகச் சொன்னாள். "சாம்பிளுக்கு ஓக்கே சொன்னப்புறம் பையர் நிறத்தை மாத்தினா, அதுக்குச் செலவாகிற தண்ணி ஆலையோட தண்ணி இல்ல. மாத்தினவரோட தண்ணி. பேரவையோட பொதுப்பட்டியல்ல அவர் பேர்லதான் எழுதணும், அவர்தான் பாதியாக்கணும்."

பொன்னிற அட்டைகள் சலசலத்தன. ஒருவர் எழுந்தார். "இது சாத்தியமே இல்ல. எங்க டிசைனர்களுக்கு உணர்ச்சி மாறிக்கிட்டே இருக்கும். உணர்ச்சிய லிட்டர்ல அளக்க முடியுமா?"

"முடியும்," என்றாள் வஸீலா. "எங்க ஆலையில மீட்டர் இருக்கு. நீங்க மாட்டச் சொன்னதுதான். எண்பத்தி மூணாவது கேள்வி."

பதினைந்து நிமிடம் போயிற்று. தாழ்வாரத்தில் மதியச் சாப்பாட்டு வாசனை வந்துவிட்டது. வஸீலா செருப்பைக் கழற்றிப் பாதத்தை நீவிக்கொண்டாள். நெவ்ஸாத் எங்கிருந்தோ முட்டை வைத்து மடித்துப் பொரித்த ஒரு பிரிக் கொண்டுவந்து கொடுத்தார். முட்டை வழியாமல் அதை லாவகமாகக் கடித்துச் சாப்பிட்டாள். உள்ளே பதினெட்டுப் பேர், பசியோடு, ஒரு பெண் பிரிக் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் மார்லீஸ்தான் தலைவர் காதில் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கிசுகிசுத்தார். "பின்னிணைப்புல போட்டுடலாம் சார். பின்னிணைப்பை யாரு படிக்கிறா?"

அந்த வாதத்தை மறுக்க அறையில் யாராலும் முடியவில்லை. பின்னிணைப்பு பதினான்கு என்று எண் கொடுத்து எழுதினார்கள். வஸீலா எழுத்தை வாங்கிப் படித்தாள். 'எழுதலாம்' என்றிருந்த இடத்தை 'எழுத வேண்டும்' என்று திருத்தச் செய்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வலது காலை உள்ளே வைத்தாள்.

விதி நிறைவேறியது. இயற்கையின் பாதி வாக்கைத் தலைவர் போட மறந்துவிட்டதால், இயற்கை நடுநிலை வகித்ததாகக் குறிப்பில் ஏறியது.

மறுநாள் ஆலையில் நடந்ததைக் கேட்டுவிட்டு கமாயிஸ் பெரிதாக எதையும் நம்பிவிடவில்லை. "அக்கா, வாசல்ல நின்னு வாங்கினது வாசலோட போயிடும்."

பத்து நாள் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எட்டாயிரம் ஜீன்ஸ். ஒப்புக்கொண்ட நிறம் 'ஈரமணல்'. இப்போது அதை 'ஈரத்தை மறந்த மணல்' ஆக்க வேண்டுமாம். வஸீலா பதில் எழுதினாள்: "தாராளமாக மாற்றலாம். பின்னிணைப்பு பதினான்கின்படி, நாலு லட்சம் லிட்டர் தண்ணீர் உங்கள் நிறுவனத்தின் பெயரில் பேரவையின் பொதுப்பட்டியலில் வெளியாகும். எழுத்துப்பிழை வராமல் இருக்க, நிறுவனத்தின் முழுப்பெயரை அனுப்பவும்."

நான்கு நாள் சத்தமே இல்லை. கமாயிஸ் போகும்போதும் வரும்போதும் அவள் திரையை எட்டிப் பார்த்தான். ஆர்டரே போய்விடுமோ என்று அவளுக்கும் உள்ளுக்குள் உதறல்தான், யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் பதில் வந்தது: "ஆழ்ந்து யோசித்தோம். முதல் மணலே எங்கள் ஆன்மாவுக்கு நெருக்கமாக இருக்கிறது."

கமாயிஸ் அதை இரண்டு தடவை படித்தான். "இவங்களுக்கு ஆன்மா இருக்கிறதே பின்னிணைப்பு வந்தப்புறம்தான் தெரியுது."

அதற்குப்பின் ஆன்மாக்கள் வரிசையாக விழித்துக்கொண்டன. மே மாதத்துக்குள் ஆலையின் தண்ணீர்ச் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒன்பது சலவை டிரம்களில் நான்கு மதியத்துக்குமேல் சும்மா நின்றன. புது இயந்திரம் வாங்கவில்லை. ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மறுபடி அலசும் வேலை இல்லாததால் பெண்கள் நாலு மணிக்கே, அதாவது வேலை முடிய வேண்டிய நேரத்துக்கே, வீட்டுக்குப் போனார்கள். சிலருடைய புருஷன்மார் பயந்துபோய், ஆலையை மூடிவிட்டார்களா என்று விசாரித்தார்கள்.

ஜூன் மாதம் பேரவை வடக்கே ஒரு நகரத்தில் விழா நடத்தியது. 'ஆண்டின் நீர்க்காவலர்' விருது ஈரமணல் நிறுவனத்துக்குக் கிடைத்தது. வஸீலாவும் கமாயிஸும் அலுவலகக் கணினியில் அதைப் பார்த்தார்கள். மேடையில் ஒரு கனவான் விருதை மார்போடு அணைத்துக்கொண்டு பேசினார்: "ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தப்புறம் அதை மாற்றாமலே இருக்கிறதுங்கிற இந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்க எங்களுக்கு மூணு வருஷம் ஆச்சு. இதை எங்க சப்ளையர்களுக்கும் இலவசமாவே கத்துக்கொடுக்கத் தயாரா இருக்கோம்."

"மனுஷனுக்கு வெக்கமே இல்லையா அக்கா?"

"கெணத்துல தண்ணி இருக்கில்ல, விடு," என்றாள் வஸீலா. ஆனாலும் கணினியை அணைத்தபோது விசையை வேண்டியதைவிடக் கொஞ்சம் பலமாகத்தான் அழுத்தினாள்.

அடுத்த வாரம் பேரவையிடமிருந்து புதிய படிவம் வந்தது. ஆலை மிச்சப்படுத்திய தண்ணீர் உண்மையிலேயே மிச்சமானதா என்று சரிபார்க்க வேண்டுமாம். "செலவழிக்கப்படாத தண்ணீரின் புகைப்படம் ஒன்றை, தேதியுடன் இணைக்கவும்."

கமாயிஸ் தலையைச் சொறிந்தான். "செலவழிச்ச தண்ணிய படம் எடுக்கலாம். செலவழிக்காததை எங்க போய்த் தேடுறது?"

வஸீலா அவனைக் கூட்டிக்கொண்டு சலவைக் கூடத்துக்குப் போனாள். மணி ஒன்று. அந்த நான்கு டிரம்களோடு, சாப்பாட்டு நேரம் என்பதால் மற்ற ஐந்தும் ஓய்ந்திருந்தன. வழக்கமாகக் காது கிழியும் அந்தக் கூடத்தில் யாரோ இருமுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. நின்றுபோன ஒரு டிரம்மில் முதுகைச் சாய்த்து, கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து, காலை நீட்டிப் போட்டுக்கொண்டு மொன்ஜியா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மடியில் ரொட்டி, ஹரிஸ்ஸா மிளகாய் விழுது தடவிய சூரைமீன், அவித்த முட்டை. பதினெட்டு வருடமாக இரண்டு அலசலுக்கு நடுவே நின்றபடியே விழுங்கிப் பழகியவள். இப்போது ஒவ்வொரு வாயையும் மெதுவாக மென்று, பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களிடம் தன் மருமகளைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மொன்ஜியா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கு மதாம்? வாயெல்லாம் ஹரிஸ்ஸா."

"அப்படியே இரு. அதான் வேணும்."

படத்தை அனுப்பினார்கள். எட்டு நாளில் பேரவையின் சரிபார்ப்புப் பிரிவு பதில் அனுப்பியது. கமாயிஸ் வாசித்தான்:

"புகைப்படத்தில் இரண்டு குறைகள் கண்டறியப்பட்டுள்ளன. ஒன்று: உற்பத்திப் பகுதியில் உணவு. இரண்டு: தொழிலாளியும் இயந்திரமும் ஒரே நேரத்தில் ஓய்வில் உள்ளனர், காரணம் ஆவணப்படுத்தப்படவில்லை. திருத்த நடவடிக்கையை முப்பது நாட்களுக்குள் கீழ்க்கண்ட கட்டத்தில் தெரிவிக்கவும்."

"என்ன அக்கா எழுத?"

வஸீலா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தக் கட்டத்தில், 'சாப்பிட்டு முடித்துவிட்டார்கள்' என்று எழுதி அனுப்பினாள்.

மறுநாள் காலையில் பச்சைக் குறியோடு பதில் வந்தது: திருத்த நடவடிக்கை திருப்திகரமாக உள்ளது, இரண்டு குறைகளும் தீர்ந்தன.